மிச்சத் துணி

ஆற்காடு சாலையில் என் கடைக்கும்
ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவில்
முந்நூற்று எழுபது அடி.
ஃபால்ஸ் அடிக்க வருகிற நர்ஸுகள்
ரெண்டு நிமிஷம் என்பார்கள்.
சந்தனா தன் கணவனைத் தள்ளிக்கொண்டு போக
இருபது.

மால்டா பக்கம் ஏதோ ஊர். நாற்பது நாளாக லாட்ஜில்.
அவளிடம் இருந்த தமிழ் மூன்று சொல்:
அண்ணா, வழி, மெதுவா.
சக்கர நாற்காலிக்கு அது போதுமென்று
நினைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஷேர் ஆட்டோவின் கண்ணாடி
நிஹாரின் முழங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.
"ரோட்டுல ஏன் இத்த இட்டாந்த?"
என்று கேட்டவர் நின்றிருந்தது
நடைபாதையின் மேல்,
தன் புல்லட்டில் சாய்ந்தபடி.

லைனிங் துணியில் ஒரு சாண் கிழித்துக் கட்டிவிட்டேன்.
பிறகு, கழுத்தில் கிடந்த டேப்போடு
தெருவில் இறங்கினேன்.
எதற்கென்று கேட்டால் தெரியாது.
அளக்கும்போது எனக்குக் கை நடுங்காது, அவ்வளவுதான்.

ஆறடி அகலம் என்கிறது கல்வெட்டு.
எத்தனை லட்சம் என்பதைக்
கரும்புச் சக்கை மூடியிருந்தது.
மருந்துக் கடை முன்னால் ஒன்றேகால் அடி.
ட்ரான்ஸ்ஃபார்மர் அருகே ஏழு அங்குலம்,
கைக்குழந்தைச் சட்டையின் தோளளவு.
டிபன் கடையில் தோசைக்கல், சிலிண்டர், பெஞ்சு:
டேப்பை விரிக்கவே இடமில்லை.
சாக்கடைப் பலகை மேல் மட்டும் முழுசாய் ஆறடி.
பலகைதான் பாதி இல்லை.

மிச்சத் துணியைத் தையல்காரி அமுக்கிவிடுவாளென்று
என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள்,
சிரித்துக்கொண்டே.
அரை மீட்டருக்கு நான் கேட்ட பேச்சு!
இந்த ஐந்தடியை
எந்த அலமாரியில் மடித்து வைத்திருக்கிறார்கள்?

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
இந்த ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
இதையும் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.
பட்டியல் போட்டவர்கள் வண்டியில் போயிருப்பார்கள்.
நடக்கிறவர்களுக்கு ஏது நேரம்,
அவர்கள் அடுத்த குழியைப் பார்க்க வேண்டும்.

நாலாவது கடையிலிருந்து குரல் வந்தது.
"இன்னாம்மா அளக்குற? கார்ப்பரேஷனா?"
நான் பதில் சொல்லவில்லை.
நிஜமாகவே முடியவில்லை,
வாயில் ரெண்டு குண்டூசி.

அந்த மௌனம் எனக்கு முன்னால் ஓடியது.
எட்டாவது கடையை நான் தொடுவதற்குள்
நைட்டி போட்ட தலையில்லாத பொம்மையை
இடுப்பில் பிடித்து உள்ளே தூக்கினார்கள்.
தண்ணி கேன்கள் உருண்டன.
சிலிண்டர் மறைந்தது. புல்லட் உறுமிக்கொண்டு கிளம்பியது.
அடியில் பேவர் கல்,
சிவப்பும் மஞ்சளுமாக.
பதினோரு வருஷமாய் இங்கே தைக்கிறேன்,
அந்த நிறத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லாட்ஜ் வாசலில் சந்தனாவும் பார்த்தாள்.
ஏற்றுவதற்குச் சரிவு கிடையாது.
நாலு பேர் தூக்கி வைத்தார்கள்.
வாசல்வரை போனார்கள், திரும்பினார்கள்.
அன்றைக்கு டாக்டர் இல்லை, டெஸ்ட் இல்லை, சும்மா.
நிஹார் வங்காள போர்டுகளை
எழுத்துக் கூட்டுவதுபோல் ஒவ்வொன்றாய்ப் படித்துக்கொண்டு வந்தான்.
நடுரோட்டில் போகிறவன் போர்டா படிப்பான்?

என் கடைக்கு முன்னால் நாற்காலி நின்றது.

படி.
மூன்று படி, ரெண்டேகால் அடி நீட்டு.
மழைத்தண்ணி ஏறாமலிருக்க
என் காசில் நான் கட்டியது.
சந்தனா என்னைப் பார்த்து
"மெதுவா" என்றாள்,
மூன்றில் எது பொருந்துமென்று தெரியாமல்.

மறுநாள் காலை பொம்மை வெளியே வந்துவிட்டது.
நைட்டி மட்டும் வேறு.
படியை இடிக்கக் கொத்தனார் தேசப்பன்
ஆயிரத்தெண்ணூறு கேட்கிறார்.
ஒரு படியையாவது விட்டுவைக்க முடியுமா என்று
டேப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
மேலிருந்து கீழே,
இன்னொரு தரம் கீழிருந்து மேலே.